சிறிய கேமராவில் சிறிய விரிசல்

மனிதன் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் வெகுகாலம் சும்மாதான் இருந்தான். நாகரிகம் மறுபடி நகரத் தொடங்கியது எங்கள் அலுவலகத்தில் ‘கேமரா ஒப்பீட்டுக் குழு’ அமைக்கப்பட்ட அன்றைக்குத்தான். அந்தக் குழுவின் செயலாளர் அடியேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லமாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்களுடையது பொதுக் கட்டடங்களைப் பராமரிக்கும் அலுவலகம். முன்பெல்லாம் சுவரில் விரிசல் என்று புகார் வந்தால் ஒருவர் போய்ப் பார்ப்பார். கொத்தனாரை அனுப்புவார். கொத்தனார் பூசிவிட்டு வருவார். எவ்வளவு பிற்போக்கான முறை பாருங்கள்! எந்த ஆதாரமும் இல்லாமல், வெறும் கண்ணால் பார்த்தே வேலையை முடித்துக்கொண்டிருந்தோம். நல்லவேளையாகத் தலைமை அலுவலகம் விழித்துக்கொண்டது. இனிமேல் புகைப்படம் இல்லாமல் ஒரு கரண்டி சிமெண்டுகூட அசையக்கூடாது என்று உத்தரவு போட்டது. படம் எடுக்க ஒரு கேமரா வாங்கிக்கொள்ளலாம் என்றும் அனுமதித்தது.

சாதாரண ஆட்களாக இருந்தால் கடைக்குப் போய் ஒன்றை வாங்கிவந்து வேலையைப் பார்த்திருப்பார்கள். எங்கள் அதிகாரி அப்படி அவசரப்படுகிறவர் இல்லை. “ஒப்பிடாம வாங்கறது குருட்டுத்தனம்யா” என்றார். அவர் சொன்னதும் நாங்கள் எல்லோரும் ஒப்பிடாமல் வாழ்ந்த நாட்களை நினைத்து வெட்கப்பட்டோம்.

கணக்காளர் முதலில் எழுந்தார். அவரிடம் சொந்தமாகவே ஒரு சின்ன கேமரா உண்டு. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். “இது போதும் சார். பேனா மாதிரி சொருகிக்கலாம். பட்டனை அமுக்கினா படம். வெளிச்சம், தூரம் எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். நாம யோசிக்கவே வேணாம்.”

யோசிக்கவே வேண்டாம் என்ற வார்த்தை அலுவலகத்தில் பலமான ஆதரவைப் பெற்றது. அது எங்கள் நெடுங்கால மரபோடு ஒத்துப்போகிற குணம்.

அந்த நேரம் பார்த்து, ‘தற்செயலாக’, அதிகாரியின் மைத்துனர் உள்ளே வந்தார். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். கழுத்தில் ஒரு டி.எஸ்.எல்.ஆர்., அதாவது லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமரா, தொங்கியது. தோளில் ஒரு பை. பைக்குள் தூரத்துக்கு ஒரு லென்ஸ், கிட்டத்துக்கு ஒரு லென்ஸ், இரண்டுக்கும் நடுவே இருப்பவற்றுக்கு ஒரு லென்ஸ்.

“மாமா… இல்ல, சார்! பாக்கெட்டுல போடறதுக்குப் பேரு சீப்பு. கேமரான்னா கழுத்துல தொங்கணும்.”

“இடத்துக்கு இடம் லென்ஸைக் கழட்டி மாட்டிட்டே இருக்கணுமாமே?” என்று கணக்காளர் குத்தினார்.

“கழட்டி மாட்டறதுதான் சார் கலையே! உங்களுது என்ன, வாயையும் மூக்கையும் சேத்து ஒட்டி வச்ச மாதிரி.”

அன்றிலிருந்து அலுவலகம் ‘சட்டைப்பைக் கட்சி’, ‘கழுத்துக் கட்சி’ என்று இரண்டாகப் பிரிந்தது. டீ குடிக்கக்கூடத் தனித்தனியாகப் போனார்கள். இந்தக் கொந்தளிப்பை அடக்கத்தான் குழு பிறந்தது. அதிகாரி தலைவர். கணக்காளரும் மைத்துனரும் உறுப்பினர்கள். மைத்துனர் அலுவலக ஊழியரே இல்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள். “அதனாலதான் அவர் நடுநிலையா இருப்பார்” என்று அதிகாரி விளக்கம் தந்தார்.

இரண்டு கேமராவாலும் ஒரே பொருளைப் படம் எடுத்து ஒப்பிடுவது என்று முடிவானது. பொருளுக்கு எங்கே போவது என்று நாங்கள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, அது தானாகவே நடந்து வந்தது. அலுவலகத்துக்குப் பின்னால் குடியிருக்கும் தையல்காரம்மா வந்தார்.

“சார், உங்க பின்பக்கச் சுவரு எங்க வீட்டுப் பக்கமா சாயுது. விரிசல் வேற விட்டிருக்கு. அந்தச் சுவரு ஓரமாத்தான் என் மெஷினு இருக்கு. காலையில உக்காந்தா பொழுது சாயறவரைக்கும் அங்கதான் தைக்கிறேன். எப்ப தலையில விழுமோன்னு பயமா இருக்கு சார்.”

“மெஷினை நகத்திக்கறதுதானே?” என்றேன்.

“எங்க நகத்தறது? வீடே அவ்வளவுதான்.”

அதிகாரி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “இதுதான்யா! இதுதான் நமக்கு வேண்டிய விரிசல்!”

தன் குறையைக் கேட்டு ஒரு அதிகாரி இப்படித் துள்ளுவதை அந்தம்மா பார்த்ததே இல்லை போலிருக்கிறது. கண்கலங்கிவிட்டார். எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாளே கணக்காளரும் நானும் களத்தில் இறங்கினோம். சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட அறை. மெஷினைச் சுற்றிப் பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன. மேலே சுவரில் நூல் ஓடினாற்போல ஒரு விரிசல். அளவு தெரிவதற்காக அந்தம்மாவைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கணக்காளர் பட்டனை அமுக்கினார். கேமரா அசையவில்லை. மறுபடி அமுக்கினார். ம்ஹூம்.

“என்ன சார், கெட்டுப்போச்சா?”

“சேச்சே! இதுல புது வசதி ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். எதிர்ல நிக்கறவங்க சிரிச்சாத்தான் படம் எடுக்கும். கொஞ்சம் சிரிங்கம்மா.”

“சுவரு விழுதுன்னு சொல்றேன், சிரிக்கச் சொல்றீங்களே சார்!”

“விழறது அப்புறம். முதல்ல சிரிங்க. கேமராவுக்கு உங்க கஷ்டம் எப்படித் தெரியும்?”

அந்தம்மா உதட்டை இழுத்துப் பார்த்தார். கேமரா அசையவில்லை. அதற்குப் போலிச் சிரிப்பெல்லாம் செல்லாது, அவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பம். கடைசியில் கணக்காளர் கேமராவோடு பின்னால் நகர்ந்து, துணிக்குவியல் தடுக்கி அதன் மேலேயே உட்கார்ந்தார். அந்தம்மாவுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. ‘க்ளிக்.’ படம் அருமையாக விழுந்தது. ஓரத்தில் கணக்காளரின் கட்டைவிரலும் இருந்தது.

இனிப் பெரிய கேமராவின் முறை. ஆனால் மைத்துனருக்குத் தொடர்ந்து கல்யாணங்கள். கல்யாணம் இல்லாத நாட்களில் வெளிச்சம் சரியில்லை. வெளிச்சம் சரியாக இருந்த நாளில் மனநிலை சரியில்லை. கலைஞனை விரட்ட முடியுமா? இதற்கிடையில் மழைக்காலமும் வந்துவிட்டது.

ஒரு நாள் பின்பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், உத்தரவு எதையும் படிக்காத எங்கள் கொத்தனார் கலவைச் சட்டியோடு ஏணியில் நிற்கிறார்! பழைய பழக்கத்தில் விரிசலைப் பூச வந்துவிட்டார். எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது.

“யோவ், இறங்குய்யா! சின்ன கேமரா விரிசலை எடுத்தாச்சு. நீ இப்ப பூசிட்டா பெரிய கேமரா எதை எடுக்கும்? ஒருத்தருக்கு விரிசல், ஒருத்தருக்குப் பூசின சுவரு. இது நியாயமா?”

“கலவை காஞ்சிரும் சார்.”

“காயட்டும்!”

தையல்காரம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஒரு பாதியாவது பூசட்டுமே சார். மீதிப் பாதியை நீங்க படம் எடுத்துக்கங்க.”

“பாதி விரிசலை வச்சு முழு முடிவுக்கு வர முடியாதும்மா. கொஞ்சம் பொறுங்க, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்.”

சுவரில் நானே ஒரு பலகை மாட்டினேன். ‘ஒப்பீடு நடைபெறுகிறது. விரிசலைத் தொடாதீர்.’ எழுத்து மிக நன்றாக வந்திருந்தது.

ஒருவழியாக மைத்துனர் வந்தார். கேமராவை நிறுத்த முக்காலி வந்தது, வெளிச்சத்துக்கு வெள்ளைக் குடை வந்தது. குடையை நான்தான் பிடித்தேன். அவர் ஒரு கண்ணை மூடி, மண்டியிட்டு, மண்ணில் படுத்துப் பலவிதமாகப் பார்த்தார்.

“பின்னாடி அந்த வீடு கண்ணை உறுத்துது. மங்கலாக்கிடறேன்.”

“அது எங்க வீடு தம்பி” என்றார் அந்தம்மா.

“தெரியுதுக்கா. மங்கலா இருந்தாத்தான் அழகு. விரிசல் மட்டும் பளிச்சுனு நிக்கும் பாருங்க.”

அந்தம்மா அதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நேராகப் போய் விரிசலுக்குள் கையை விட்டார். மணிக்கட்டுவரை உள்ளே போனது. “பாருங்க தம்பி, பாருங்க சார். இந்த மழைக்கு இவ்வளவு பொளந்திருக்கு. என் கை போகுது!”

“ஆகா! அப்படியே இருங்கக்கா! அசையாதீங்க!” என்று மைத்துனர் கத்தினார். ‘க்ளிக், க்ளிக், க்ளிக்.’

குழு கூடியது. இரண்டு படங்களையும் பெரிதாக்கி மேசைமேல் அருகருகே வைத்தோம். சின்ன கேமராவின் படத்தில் நூல் போன்ற விரிசல், பக்கத்தில் சிரித்த முகம், கட்டைவிரல். பெரிய கேமராவின் படத்தில் வாய் பிளந்த சுவர், அதற்குள் ஒரு கை, அழாத குறையாக ஒரு முகம். விவரம் இல்லாதவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் படத்தைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க ஓடியிருப்பார்கள். நாங்கள் நிபுணர்கள். நாற்காலியை விட்டு நகரவில்லை.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஒரே சுவரு. ஒரே விரிசல். இதுல நூலா இருக்கு, அதுல கையே போகுது. எப்படிய்யா?”

“பெரிய கேமராவுல எல்லாமே பெருசாத்தான் சார் தெரியும்” என்றார் கணக்காளர்.

“மாமா, நான் போனப்ப நிஜமாவே அப்படித்தான் இருந்துது…”

“நீ சும்மா இரு மாப்ளே. உன் கேமரா ஊதிக் காட்டுது.”

எனக்குள்ளும் ஒரு சின்ன சந்தேகம் எட்டிப் பார்த்தது. இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு மழைக்காலம் போயிருக்கிறதே, விரிசல் ஒருவேளை வளர்ந்திருக்குமோ? குழுவின் செயலாளர் கேட்கக்கூடிய கேள்வியா அது? விரிசலுக்கு வளர அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? வாயை மூடிக்கொண்டேன்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ‘பெரிய கேமரா உள்ளதை மிகைப்படுத்துகிறது. இதனால் வீண் பீதியும் வீண் செலவும் ஏற்படும். சிறிய கேமராவே அலுவலக நலனுக்கு உகந்தது. மேலும் அதில் புகார்தாரர் மகிழ்ச்சியுடன் காணப்படுகிறார்.’ கணக்காளரின் முகத்தில் வெற்றிக்களை. மைத்துனர் லென்ஸ்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு விருட்டென்று வெளியேறினார்.

“கொத்தனாரை இனி அனுப்பலாமா சார்?” என்று கேட்டேன். என் கடமையில் நான் ஒருநாளும் குறை வைத்தவன் இல்லை.

அதிகாரி வெற்றிபெற்ற படத்தை மறுபடி பார்த்தார். “நூல் மாதிரிதானே இருக்கு? இதுக்கு எதுக்குய்யா கொத்தனாரு? புகாரை முடிச்சுரு.”

முடித்துவிட்டேன்.

அந்த வாரமே சுவர் விழுந்தது. பட்டப்பகலில், அந்தம்மா தைத்துக்கொண்டிருந்தபோது விழுந்தது. தகரக் கூரை, மெஷின், சீருடைகள் எல்லாம் அடியில் போயின. அக்கம்பக்கத்தார் கல்லைப் புரட்டி அந்தம்மாவை வெளியே எடுத்தார்கள். உயிர் பிழைத்துவிட்டார். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போனது. மெஷினை மிதிக்கிற கால்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். “விரிசல் எவ்வளவு இருந்துதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார். அதிகாரி சின்ன கேமராவின் படத்தை எடுத்து நீட்டினார். “நூல் அளவுதான் சார் இருந்துது. நீங்களே பாருங்க. பயந்த மூஞ்சியா இது?” வந்தவர் பார்த்தார். திருப்தியடைந்தார். வேறு படம் உண்டா என்று கேட்டார். இல்லை என்று அதிகாரி, கணக்காளர், நான் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். அந்தக் குழு இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. மேசைமேல் வைத்த பிரதி எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. பெரிய கேமராவிலிருந்த படங்களை மைத்துனர் அதற்கு முன்பே அழித்துவிட்டார். ஒரு கல்யாணத்துக்கு இடம் தேவைப்பட்டதாம்.

அலுவலகத்தின் சார்பில் பிஸ்கட் பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தம்மா என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“வந்தீங்களா சார். உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன். அந்தத் தம்பி, நான் கையை உள்ள விட்டிருந்தப்ப ஒரு படம் எடுத்தாரே, அது ஒண்ணு வேணும். நஷ்டஈடு கேக்கப் போனா, விரிசல் பெருசா இருந்துதுன்னு ஆதாரம் கேக்கறாங்க. இனிமே என்னால மிதிக்க முடியாதாம் சார். தையலை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

“எந்தப் படம்மா?”

“நீங்ககூடக் குடை புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னீங்களே.”

“அப்படி ஒரு படம் எடுத்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லையேம்மா.”

அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நீட்டிய பிஸ்கட்டை வாங்கிக்கொள்ளவில்லை. கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

சின்னதா, பெரியதா, எதை வாங்கலாம் என்று இன்றும் பலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். இரண்டையும் கரைத்துக் குடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தைரியமாக எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். இரண்டுமே எதிரில் இருப்பதை உள்ளபடி எடுத்துக்கொடுக்கும். இரண்டுக்கும் பொய் சொல்ல மட்டும் வராது. அந்த வேலைக்குத்தான் சம்பளம் கொடுத்து எங்களை வைத்திருக்கிறார்கள்.