மெதுவாகப் பேச ஒரு மைக்

இந்திய நீதித்துறை இருபத்தோராம் நூற்றாண்டுக்குள் காலெடுத்து வைத்தது ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில்தான். 1986 ஆடி மாதமே வைத்துவிட்டது. வைத்த இடம் மாவு மில்லுக்கு மேல்மாடி.

“என்னம்மா கேக்குது?” என்றார் வக்கீல் கோதண்டராமன்.

டேப் ரிக்கார்டரில் காதை வைத்திருந்த சட்டக் கல்லூரி மாணவி லீலா நிமிர்ந்தாள். “மில்லு சார்.”

சுவரில் ‘நவீன தொழில்நுட்பச் சட்டப் பயிற்சி முகாம்’ என்று துணியில் எழுதித் தொங்கியது. முகாமில் லீலாவும் இரண்டு பையன்களும் இருந்தார்கள். தொழில்நுட்பம் என்பது வக்கீலின் மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த அந்த டேப் ரிக்கார்டர்.

“இனிமே வக்கீல் எழுத மாட்டான். கேட்பான்!” என்று காலையில் முழங்கியிருந்தார் கோதண்டராமன். இப்போது கேட்டது மில்.

எதிரே ஒரகடம் எல்லப்பன் உட்கார்ந்திருந்தான். மத்தியானம் முன்சீப் கோர்ட்டில் கூண்டேற வேண்டியவன். அவன் நிலத்துக்கும் பங்காளி தாண்டவராயன் நிலத்துக்கும் நடுவிலுள்ள எல்லைக் கல்தான் வழக்கு. கல் நிற்கிற இடம் சரியென்று தீர்ப்பானால், கம்பெனிக்காரர்கள் கேட்கும் ரோட்டோர நிலம் முழுக்க எல்லப்பனுக்கு. இல்லாவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது முள்ளுக்காடு.

ஒரு பையன் மில்லை நிறுத்தச் சொல்லக் கீழே போனான். அம்மனுக்குக் கூழ் ஊற்ற, ஊரே கேழ்வரகோடு வரிசையில் நின்றது. போன வேகத்தில் திரும்பி வந்தான், தலையெல்லாம் மாவாக.

“அப்ப சத்தமா சொல்லு எல்லப்பா.”

எல்லப்பன் எழுந்து நின்று தொண்டையைச் செருமினான். “அந்தக் கல்ல நாந்தான் பு…”

வக்கீல் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். “யோவ்! கீழே பாதி ஒரகடம் நிக்குது!”

“நீதானே சார் கத்தச் சொன்னே?”

கோதண்டராமன் மாணவர்கள் பக்கம் திரும்பினார். “நோட் பண்ணுங்க. கட்சிக்காரர் வக்கீல்கிட்ட சொல்றது பரம ரகசியம். ரகசியத்தைக் கத்தக் கூடாது. மெதுவாப் பேசணும், மிஷினுக்கும் கேக்கணும். அதுக்கு என்ன வழி?”

“பென்சில் சார்,” என்றாள் லீலா.

“மைக்!” என்றார் வக்கீல்.

சவுண்டு சர்வீஸ் தாவீது வந்தான். மைக்கை மேஜைமேல் நிறுத்தி, ஆம்ப்ளிஃபயரை மாடிப்படியில் வைத்து, அங்கிருந்து ஒரு ஒயரை டேப் ரிக்கார்டருக்கு இழுத்துக் கொடுத்தான்.

“ஒரு வார்த்தை விடாமக் கேக்கணும்ப்பா.”

“இன்னா சார், நம்ம செட்டப் பத்தி நம்மளாண்டயே சொல்றே?” தாவீது மீதி ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். மாவும் சத்தமும் வராமலிருக்க ஜன்னல் கதவெல்லாம் சாத்தப்பட்டன.

மைக்கைப் பார்த்ததும் எல்லப்பனுக்கு உடம்பு விறைத்தது. “மாண்புமிகு தலைவர் அவர்களே, திரளாக வந்திருக்கும் தாய்மார்களே…”

“மீட்டிங் இல்லய்யா! பொண்டாட்டிகிட்ட பேசற மாதிரி பேசு.”

“அதுங்கிட்ட நா எங்க சார் பேசறேன்?”

கடைசியில் பேசினான். அமாவாசை இருட்டில் கல்லைப் பிடுங்கியதையும், தாண்டவராயன் பக்கமாக உருட்டிப்போய் நட்டதையும், பழசாகத் தெரிய சாணி பூசியதையும் மெதுவாக, தெளிவாகச் சொன்னான். டேப் சுற்றியது. ஊசி ஆடியது.

“பிரமாதம்! கோர்ட்ல என்ன சொல்லுவே?”

“எங்க தாத்தா காலத்துக் கல்லுங்க.”

லீலா கையைத் தூக்கினாள். “பொய் இல்லையா சார்?”

“வெளியில தெரிஞ்சாத்தாம்மா பொய். இது நாலு சுவத்துக்குள்ள இருக்கு.” வக்கீல் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இன்னொரு பாடம். நம்ம முன்சீப் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தா தூங்குவார். தாத்தா காலத்தையெல்லாம் அப்பத்தான் சொல்லணும்.”

யாரோ கதவைத் தட்டினார்கள். “முகாம் நடக்குது, அப்புறம் வா!” என்று வக்கீல் அதட்டினார். தட்டியவர்கள் போய்விட்டார்கள்.

டேப்பைத் திரும்பப் போட்டார்கள். மில் இல்லை. எல்லப்பனின் பெருமூச்சுகூடத் துல்லியமாகக் கேட்டது. பையன்கள் கைதட்டினார்கள். கோதண்டராமன் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, “சரித்திரம்!” என்றபடி கதவைத் திறந்தார்.

மாடிப்படியில் தாவீது ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். மரியாதைக்கு அணைத்துவிட்டு எழுந்தான்.

“பஸ் ஸ்டாண்டுல கட்டுன ஹாரன் ஸ்பீக்கரு மொதல்லேர்ந்தே கணீர்னு கீது சார். கோர்ட்டு வேப்பமரத்துல கட்டுனதுதான் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, முன்சீப் ஐயா டவாலிய அனுப்பி ஏத்தச் சொன்னாரு, ஏத்திட்டேன்.”