ஆமை வெளியே போகவில்லை

"இன்னிக்கும் ஆமை வெளிய போகலை" என்றார் சோதனை அக்கா.

கதைக்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள். "கதவு வரைக்குமாவது வந்துச்சா?"

"வந்துச்சு. திறந்துச்சு. ஓரமா நின்னுச்சு. மூடிட்டு மறுபடி உள்ள போய் உக்காந்துடுச்சு."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வாரமும் அது இதையேதான் பண்ணுச்சு. நான் என்ன பண்றது?"

அது கணினி விளையாட்டு செய்யும் ஒரு சின்ன அலுவலகம். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கதை எழுதுகிறவள் கதைக்காரி. நிரல் எழுதுகிற இளைஞன் ஒரு சிக்கலை அவிழ்த்தால் இரண்டு சிக்கல் விழும் என்பதால் அவன் முடிச்சு. விளையாட்டு வெளியாகும் முன்பு ஆடிப் பார்க்க வெளியாட்களைப் பிடித்து வருவது சோதனை அக்காவின் வேலை.

இந்த முறை ஐந்து பேர். இதுவரை விளையாட்டே ஆடாதவர்களாகப் பார்த்துப் பிடித்திருந்தார். அவர்கள் வீட்டில் இருந்தபடியே ஆடுவார்கள். அது அலுவலகத் திரையில் தெரியும். பல்லி, வாத்து, குருவி, ஒட்டகம், ஆமை என்ற பட்டப்பெயர்களைத் தவிர அவர்களைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது. காரணம் கதைக்காரிதான். சென்ற முறை "கதை இழுக்கிறது" என்று எழுதிய ஒரு பாவப்பட்ட மனிதருக்கு அவளே போன் போட்டு, எங்கே இழுக்கிறது என்று பக்கம் பக்கமாக விசாரித்தாள். அவர் அதற்குப் பிறகு போனையே எடுப்பதில்லை. அக்கா தன் வீட்டுக்காரரின் குறட்டை, முதலாளியின் சர்க்கரை அளவு, அலுவலகம் ஊர் மாறப்போவது என்று எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்வார். ஆடுகிறவர்களின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார்.

விளையாட்டின் பெயர் 'ஏழு வாசல்'. கதைக்காரி மாலை வகுப்பொன்றில் பழங்காலச் சமயக் குழு ஒன்றைப் பற்றிக் கேட்டிருந்தாள். இந்த உலகத்தைச் செய்தவர் மெய்யான கடவுள் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அரைகுறையாக ஒருவர் செய்தார். தனக்கு மேலே ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. எல்லாம் நானே என்று உட்கார்ந்திருக்கிறார். மனிதனுக்குள் மட்டும் வெளியிலிருந்து வந்த ஒரு சின்ன ஒளிப்பொறி இருக்கிறது. அது வீடு திரும்பக் கிளம்பினால் ஏழு வாசல்களிலும் காவலர்கள் மறித்துக் கேள்வி கேட்பார்கள்.

கேட்டவுடன் கதைக்காரிக்கு எங்கேயோ பார்த்த இடம் மாதிரி இருந்தது. ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். பொறி ஒரு சின்னப் பெண். உலகம் ஒரு வீடு. அதைக் கட்டியவர் பெரியவர். ஏழு வாசலுக்கும் அப்பால், வெளிக்கதவு உள்ள கடைசி அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடி "வெளியே ஒன்றும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பார். காவலர்களின் கேள்விகள்: எங்கே போகிறாய்? யார் கூட? எப்போது வருவாய்? போனில் சார்ஜ் இருக்கிறதா? குடை எடுத்தாயா? சாப்பிட்டாயா? இந்த நேரத்தில் அவசியம் போய்த்தான் ஆக வேண்டுமா?

படித்துவிட்டு முதலாளி சிலிர்த்துப்போனார். "இந்தக் காவல்காரங்க பயங்கரமா இருக்காங்கம்மா. எங்க புடிச்ச?"

"வீட்ல சார்" என்றாள்.

அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா இறந்தபோது அவளுக்கு நான்கு வயது. அன்றிலிருந்து சமையல், சடை பின்னுதல், வீட்டுப்பாடம், காவல் எல்லாமே அப்பாதான். இந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. போன மாதம் அக்கா இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டபோது, வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவரை இறக்கியவர் அப்பாதான். அதிலிருந்து அக்கா, "அவர் மனுஷன் இல்ல, தெய்வம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தெய்வத்தோடு ஒரே வீட்டில் குடியிருப்பது எவ்வளவு சிரமம் என்று கதைக்காரிக்குத்தான் தெரியும்.

இப்போது அந்தத் தெய்வத்திடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. விளையாட்டு முடிந்ததும் அலுவலகம் வேறு ஊருக்குப் போகிறது. ரயிலில் ஒரு முழுப் பகல் பயணம். அவளும் போகிறாள். அங்கே தங்க அறைகூடப் பார்த்தாகிவிட்டது. அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாலையும் சொல்லலாம் என்று வாயைத் திறப்பாள், அவர் "என்ன பாப்பா?" என்பார், "உப்பு கொஞ்சம் கம்மி" என்று முடித்துவிடுவாள். அதனால் அப்பாவின் சமையலில் சில வாரங்களாக உப்பு கூடிக்கொண்டே போனது.

கடைசியில் தனக்குத்தானே ஒரு கெடு வைத்துக்கொண்டாள். ஆமை என்றைக்கு அந்தக் கதவைத் தாண்டுகிறதோ, அன்றைக்கே சொல்லிவிடுவது. ஐந்து பேரும் கதையை முடித்தால்தான் விளையாட்டை வெளியிடுவேன் என்று முதலாளியும் சொல்லியிருந்தார். மற்ற நான்கும் முடித்துவிட்டன. ஆமை ஒன்றுதான் பாக்கி.

"யாரோ செல்லமா வளர்ந்த புள்ள போல. வெளிய போகப் பயப்படுது" என்றாள் கதைக்காரி.

"எதிர்க்கம்பெனி உளவாளி" என்றார் முதலாளி.

அக்கா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"பெரியவர் ரொம்ப நல்லவரா இருக்கார். அதான் ஆமை விட்டுட்டுப் போக மாட்டேங்குது" என்றான் முடிச்சு. "கொஞ்சம் கொடூரமாக்கு."

அது நியாயமாகப் பட்டது. கதைக்காரி பெரியவரின் வசனத்தை மாற்றினாள். இடி இடிக்க, மின்னல் வெட்ட, "நானே அனைத்தும்! எனக்கு மேல் எவரும் இல்லை!" என்று அவர் கர்ஜித்தார். முடிச்சே குரல் கொடுத்தான்.

மாலை ஆறு மணிக்கு ஆமை வந்தது. கர்ஜனையைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டது. பிறகு இரண்டாம் வாசல் வரை திரும்பி நடந்துபோய், அங்கே அலங்காரத்துக்கு வைத்திருந்த சால்வையை எடுத்துவந்து பெரியவரின் தோளில் போர்த்தியது.

ஆட்டம் முடிந்ததும் ஆடியவர்கள் ஒரு வரி எழுதலாம். ஆமை எழுதியிருந்தது: 'பெரியவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. வெந்நீர் கொடுக்க வழி உண்டா?'

"என் குரல் அப்படியா இருக்கு?" என்று முடிச்சு தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அடுத்து, வெளியிலிருந்து ஒரு தூதரை வரவழைத்தார்கள். ஒரு சின்ன வெளிச்சம். அது பறந்து வந்து, "உன் வீடு இதுவல்ல, என் பின்னால் வா" என்று கூப்பிடும். அந்தக் குழுவின் நம்பிக்கையிலும் அப்படி ஒரு தூதர் உண்டு என்பதால் கதைக்காரிக்குப் பெரிய திருப்தி.

முடிச்சு நிரலில் எதையோ எதனோடோ கட்டிவிட்டான். வெளிச்சம் கூப்பிட்டதும் அதன் பின்னால் வந்தது பொறி இல்லை, ஏழு காவலர்கள். பெரியவரின் சின்ன அறைக்குள் ஏழு பேரும் முண்டியடித்து நுழைந்து, கதவை அடைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் கேட்டார்கள்: "யார் கூட?" "குடை எடுத்தாயா?" "சாப்பிட்டாயா?" "சார்ஜ் இருக்கிறதா?" மறுபடி ஆடிப் பார்க்க வந்த வாத்தும் ஒட்டகமும் உள்ளேயே சிக்கிக்கொண்டன.

'எங்க மாமியார் வீட்டு விசேஷம் மாதிரி இருக்கு' என்று எழுதியது வாத்து.

'வந்தவர்கள் உட்கார நாற்காலி போதவில்லை' என்று எழுதியது ஆமை.

முதலாளி மேஜையைத் தட்டினார். "ஒரு ஆமைக்காக ரெண்டு மிருகத்தை இழந்துட்டோம். இனிமே எனக்கு அந்தப் பெரியவரே வேண்டாம். தூக்கு."

"சார், அவர் இல்லாம கதையே..."

"தூக்கும்மா. வீட்ல ஆளே இல்லைன்னா யாருக்காக உக்காந்திருக்கும்? தன்னால போயிடும்."

பெரியவரைத் தூக்கினார்கள். நாற்காலி மட்டும் மிச்சம்.

அன்று ஐந்தில் ஒன்றுகூட வெளியே போகவில்லை. பல்லி எல்லா அறைகளிலும் தேடியது. ஒட்டகம் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தது. 'அவர்கிட்ட சொல்லாம எப்படிப் போறது?' என்று கோபமாக எழுதியது குருவி.

ஆமை எதையும் தேடவில்லை. பொறியைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார வைத்தது. அப்படியே இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது: 'வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது.'

முதலாளிகூட அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "நாளைக்கு ஒரு நாள்தான். அதுக்கு மேல போச்சுன்னா கம்பெனியும் நகராது, நாமளும் நகர மாட்டோம்" என்றார்.

வீட்டுக்குப் போனபோது அப்பா இரவுச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல பாப்பா. திருகாணி கீறிடுச்சு. நீ ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்க?"

"ஆபீஸ்ல ஒரு கதவுப்பா. ஒருத்தர் மட்டும் அதைத் தாண்டவே மாட்டேங்குறார்."

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "கதவு சரியா இருக்கா?"

"கதவெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப ஆளை அவசரப்படுத்தாத. லிஃப்ட்ல மாட்டினவங்ககூட, நாம கதவைத் திறந்துட்டாலும் உடனே வர மாட்டாங்க. கால் கொஞ்ச நேரம் நடுங்கும். நாம கதவைப் புடிச்சுட்டு நிக்கணும். அவ்ளோதான்." சொல்லிவிட்டுக் குழம்பில் உப்பு போடப் போனார்.

மறுநாள் கதைக்காரி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கச் சொன்னாள். இடி வேண்டாம், தூதர் வேண்டாம், காவலர்கள் அவரவர் வாசலுக்குப் போகட்டும், பெரியவர் நாற்காலிக்குத் திரும்பட்டும். பிறகு ஒன்றே ஒன்றைச் சேர்த்தாள். பொறி கதவுக்கு அருகே வந்ததும் பெரியவர் முதல்முறையாக எழுந்திருப்பார். "வெளியே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரு, நான் திறக்கிறேன்" என்று சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"வில்லன் கதவைத் திறந்து விடறதா? உன் வகுப்பு வாத்தியார் அடிக்க வருவார்" என்றான் முடிச்சு.

"வரட்டும். அவர் பொய் சொல்லலை முடிச்சு. நிஜமாவே தெரியாது, அவ்ளோதான்."

ஆறு மணிக்கு நான்கு பேரும் திரை முன்னால் கூடினார்கள். ஆமை ஏழு வாசலையும் கடந்தது. ஏழு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னது. குடையையும் மறக்காமல் எடுத்தது. கடைசி அறையில் பெரியவர் எழுந்தார், சொன்னார், திறந்தார், ஓரமாக நின்றார்.

ஆமை அசையவில்லை.

"போச்சு" என்றார் முதலாளி.

"கொஞ்சம் இருங்க சார். கால் நடுங்கும்" என்றாள் கதைக்காரி.

மெதுவாக ஒரு அடி. இன்னொரு அடி. வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பெரியவரைப் பார்த்தது. பிறகு வெளிச்சத்துக்குள் போய்விட்டது. முடிச்சு முதலாளியைக் கட்டிப்பிடித்தான். பிறகு யாரைப் பிடித்திருக்கிறோம் என்று தெரிந்து விட்டுவிட்டான். அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஆமையின் வரி வந்தது: 'வெளியே நன்றாகத்தான் இருக்கிறது. பெரியவர் சமாளித்துக்கொள்வார்.'

வைத்த கெடு வைத்ததுதான். வீட்டுக்குப் போகும் வழி முழுக்கக் கதைக்காரி ஏழு கேள்விக்கும் பதில் தயார் செய்துகொண்டே போனாள். யார் கூட: மூன்று பெண்கள், ஒரே அறை. எப்போது வருவாய்: மாதம் ஒருமுறை. அழுதால் என்ன செய்வது, கத்தினால் என்ன செய்வது, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள்.

"அப்பா, எங்க ஆபீஸ் வேற ஊருக்குப் போகுது. நானும் போகணும்."

அப்பா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"சரி பாப்பா" என்றார். எழுந்துபோய், காற்று வரட்டும் என்பதுபோல வாசல் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். பிறகு பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினார். தூசி தட்டியிருந்தது. சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருந்தது. கைப்பிடியில் புதுத் திருகு. "உருட்டிப் பாரு. சத்தமே வராது" என்றார். அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்தில் எல்லோரும் இனிப்பு தின்றுகொண்டிருக்க, கதைக்காரி மட்டும் அக்காவின் மேஜை ஓரத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அழுதாரா?"

"அழறதா? 'சரி பாப்பா'ன்னுட்டுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்க்கா. குடை எடுத்தியான்னுகூடக் கேக்கலை. நான்தான் ராத்திரியெல்லாம் அழுதுட்டிருந்தேன். இத்தனை வருஷம் வளர்த்த பொண்ணு போறா, ஒரு பேச்சுக்காவது போகாதேன்னு சொல்ல வேண்டாமா? அவருக்குக் கொஞ்சம்கூடக் கஷ்டமா இல்லைக்கா."

அக்கா இனிப்புப் பெட்டியை மூடிவைத்தார். ஆடுகிறவர்கள் விஷயத்தில் இத்தனை காலமாகப் பூட்டி வைத்திருந்த வாயை முதல்முறையாகத் திறந்தார்.

"கஷ்டமா இல்லையா? அந்தக் கதவைத் திறந்து வச்சுட்டு அழாம நிக்கக் கத்துக்கவே ஆமைக்கு மூணு வாரம் ஆச்சுடி."