குறைக்கலாம் அணித் தலைவர்

"யாரைக் கேட்டு என் பேரை இந்தப் பக்கம் போட்டேள்?"

வேதாந்தம் போட்ட சத்தத்தில் அந்த இன்சூரன்ஸ் ஆபீஸின் மாடி முழுவதும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

அவர் கையில் ஆபீஸ் மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழா அழைப்பிதழ் படபடத்தது. அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. விரலில் மை ஒட்டியது. 'சிறப்புப் பட்டிமன்றம்: மது அருந்தும் வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கலாமா? குறைக்கலாம் அணித் தலைவர்: திரு. மயிலை வேதாந்தம்.'

"பட்டிமன்றத்துல யாரு சார் சொந்தக் கருத்தைப் பேசுறாங்க?" என்றார் மன்றச் செயலாளர் பொன்ராஜ். "போன வருஷம் மாமியார் கட்சியில பேசிக் கலக்குனீங்க. உங்களுக்கு மருமகளா இருக்கா?"

"அது வேற. இப்போ என் பொண்ணு கல்யாணம் நடுவுல நிக்கறது ஓய்!"

நிற்கத்தான் நின்றது. அவர் பெண் மாளவிகாவைப் பார்த்துவிட்டுப் போன பையனின் அப்பா அடையாறு ஸ்ரீனிவாசராகவனுக்கு மது, புகை, வெற்றிலை எல்லாம் ஒரே ஜாதி. காபியும் அதில் சேர்த்தி.

"லாகிரி எந்த ரூபத்துல வந்தாலும் லாகிரிதான். எங்காத்துல காபிப் பொடி வாசப்படி ஏறினதில்லை" என்று அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி சொன்னார். தீராத ஜலதோஷக்காரர். பொழுது விடிந்தால் பொழுது போனால் காபி குடிக்கும் வேதாந்தம் கொஞ்சமும் கூசாமல், "எங்காத்துலயும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். உள்ளே அதைக் கேட்ட அவர் மனைவி ஜானு, டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருந்த ஃபில்டரை அப்படியே அரிசி டின்னுக்குள் இறக்கி மூடிவிட்டு, பனங்கல்கண்டுப் பாலோடு கூடத்துக்கு வந்தாள். பையனின் அம்மா ஹம்சா மாமி வாயே திறக்கவில்லை. பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, சம்மதம் என்று சொல்லியனுப்பினார்கள். நிச்சயதார்த்தம்தான் பாக்கி. அதுவரை வந்த வரன்களுக்கெல்லாம் உதட்டைப் பிதுக்கிய மாளவிகா, இந்த நிரஞ்சனைப் பார்த்ததிலிருந்து துணி உலர்த்தும்போதுகூடப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டை நிறுத்துகிற பாவம் இப்போது வேதாந்தத்தின் தலையில் விழப் பார்த்தது.

"நாம பக்கம் மாத்திப்போம். நீர் குறைக்கலாம்னு பேசும். நான் கூடாதுன்னு பேசறேன்" என்று பொன்ராஜிடம் கெஞ்சினார்.

பொன்ராஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சார், என் சம்சாரம் முன் வரிசையில உட்காரப் போறா. சம்பளத்தன்னைக்கு நான் எங்க போயிட்டு வர்றேன்னு உங்களுக்கே தெரியும். அந்தப் பக்கம் பேசிட்டு நான் வீட்டுக்குப் போக வேண்டாமா?"

இருந்தாலும் இரக்க குணம் உள்ளவர். மீதமிருந்த அழைப்பிதழ்களில் எல்லாம் வேதாந்தத்தின் பெயரை மட்டும் பேனாவால் பட்டை அடித்துக் கொடுத்தார். வந்தது வினை. அதுவரை அழைப்பிதழைப் பிரித்தே பார்க்காதவர்கள்கூட, அடித்திருப்பது யார் பெயர் என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார்கள். சாயங்காலத்துக்குள் மயிலாப்பூரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"யார் வாயாலயாவது அவர் காதுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே நேர்ல போய்ச் சொல்லிடுங்கோ" என்றாள் ஜானு.

வேதாந்தம் அடையாறுக்குப் போனார். ஸ்ரீனிவாசராகவன் ஜீரகத் தண்ணீர் கொடுத்து உபசரித்தார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு பட்டிமன்றத்துல பேசறேன். மது சம்பந்தமா..."

"பேஷ்! மதுவோட தீமையைப் பத்தியா? சம்பந்தின்னா இப்படின்னா இருக்கணும்! நான் குடும்பத்தோட வரேன். முன் வரிசையில எடம் போடச் சொல்லும்."

வேதாந்தம் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் இன்னொரு டம்ளர் ஜீரகத் தண்ணீர்தான் போயிற்று.

"சொன்னேளா?" என்று வாசலிலேயே கேட்டாள் ஜானு.

"சொன்னேன். வரேன்னுட்டார்."

ஜானு தலையில் அடித்துக்கொண்டாள்.

பாக்கி இருந்தது ஒரே வழிதான். "மகா மட்டமாப் பேசிடறேன். இந்த மனுஷனுக்கே இதுல நம்பிக்கை இல்லேன்னு ஊருக்கே தெரியற மாதிரி" என்று வேதாந்தம் மனைவியிடமும் பெண்ணிடமும் சொல்லிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சபா ஹாலில் அவர் சொன்னபடியே செய்தார். தொண்டையைக் கனைத்தார். மைக் செட்காரர் வரை பெயர் சொல்லி நன்றி கூறினார். சபை கொட்டாவி விட்டது. சம்பந்தி எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துப் புருவத்தை நெரித்துக்கொண்டிருந்த ஸ்ரீனிவாசராகவன்கூட, இந்தப் பேச்சைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதல் அடைந்த மாதிரி தெரிந்தது.

இதோடு உட்கார்ந்திருக்கலாம். ஏதோ ஒரு பாயிண்டாவது சொல்ல வேண்டுமே என்று ஒன்றைச் சொல்லிவைத்தார்.

"ஓட்டுப் போட பதினெட்டு வயசு போதும்னு குறைச்சாச்சு. நாட்டை யார் ஆளணும்னு முடிவு பண்ண நிதானம் வந்தாச்சாம். ஒரு கிளாஸ் பீருக்கு மட்டும் இன்னும் மூணு வருஷம் நிதானம் பத்தலையாம்!"

கைதட்டல் ஹாலைத் தூக்கியது.

வேதாந்தம் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் கைதட்டல் விஷயத்தில் அவர் மொடாக் குடியர். ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் போதும், பெண்டாட்டி பிள்ளை நினைவு இருக்காது.

"ஆம்பளை கல்யாணம் பண்ணிக்கவும் இருபத்தொண்ணு, குடிக்கவும் இருபத்தொண்ணு! முன்னதைப் பண்ணினா பின்னது தேவைப்படும்னு சர்க்காருக்கே தெரிஞ்சிருக்கு!" பொன்ராஜின் சம்சாரமே விழுந்து விழுந்து சிரித்தாள். "தடுத்தா நிறுத்தறானா? கிடையாது, மறைக்கறான்! எந்த வீட்டுல அப்பா ரொம்பக் கண்டிப்போ, அந்த வீட்டுலதான் திருட்டுத்தனம் ஜாஸ்தி!"

விரல் முன் வரிசையை நோக்கி நீண்டிருந்ததை உட்கார்ந்த பிறகுதான் உணர்ந்தார். ஸ்ரீனிவாசராகவன் எழுந்து விறுவிறுவென்று வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் பையனும் மாமியும்.

எதிரணியில் பொன்ராஜ், குடியின் கொடுமையை நேரில் கண்டவர் போலவே உருகினார். குறைக்கக் கூடாது என்றுதான் நடுவர் தீர்ப்பளித்தார். ஆனால் சிறந்த பேச்சாளர் பரிசு வேதாந்தத்துக்கு: ஒரு எவர்சில்வர் டவரா டம்ளர் செட்.

அன்று ராத்திரி மாளவிகா சாப்பிடவில்லை. "மட்டமாத்தானேப்பா பேசறேன்னே?" என்று மட்டும் கேட்டாள். வேதாந்தத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஸ்ரீனிவாசராகவன், ஹம்சா மாமி, நிரஞ்சன் மூவரும் இறங்கினார்கள். ஜானு ஓடிப்போய் ஃபில்டரை அரிசி டின்னுக்குள் இறக்கினாள். வேதாந்தம் பரிசு டம்ளரைப் பேப்பருக்கு அடியில் தள்ளினார்.

ஸ்ரீனிவாசராகவன் உட்காராமலே ஆரம்பித்தார். "நேத்து நீர் பேசினது அத்தனையும் விஷம். இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு சொல்லியனுப்பத்தான் இருந்தேன்."

மாளவிகா கதவு மறைவில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா நேத்து ராத்திரிலேர்ந்து அம்மாவும் பிள்ளையும் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேங்கறா. இந்த எடத்தை விட்டா வேற எடமே வேண்டாங்கறா. ஏண்டின்னா, அங்கே வந்து சொல்றேங்கறா!" மூக்கைத் துடைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். "வந்தாச்சு. சொல்லு!"

ஹம்சா மாமி முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"பொண் பார்க்க வந்த அன்னிக்கே உங்காத்து அரிசி டின்லேர்ந்து டிகாக்ஷன் வாசனை வந்துது, அதுக்காகத்தான் நானும் நிரஞ்சனும் இந்த எடத்தையே பிடிவாதமா முடிச்சோம். ஜானு மாமி, ஃபில்டரை வெளியில எடுங்கோ, எனக்கு ஒண்ணு, இவனுக்கு ஒண்ணு, ரெண்டும் ஸ்ட்ராங்கா!"