சர்வேயரை விரட்டிய வீராங்கனை

நான் வரலாற்றில் பட்டம் வாங்கியவள் என்பதை இப்போதெல்லாம் நானாக யாரிடமும் சொல்வதில்லை. மலைமேல் எங்கள் அரியூர் நாட்டு ஊர்களில் சொல்லவும் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விதம்தான் கொஞ்சம் கேவலம்.

அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு அப்போது ஏழு மாதம். கல்லூரியில் நான் படித்ததெல்லாம் நோட்ஸ். ‘ஆங்கிலேயர் ஆட்சியின் நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து.’ பரீட்சைக்குத் தீமைகள்தான் வரும் என்று சீனியர் அக்கா ஒருத்தி சொன்னதால் நன்மைகள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. (தீமைகள்தான் வந்தன. முதல் வகுப்பு!) எங்கள் மலையில் யார் நிலம் திருத்தினார்கள், யாரிடம் என்ன கேட்டு நடந்தார்கள் என்பதெல்லாம் நோட்ஸில் இல்லை. ஆகவே அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. ‘அன்று வெள்ளைக்காரன் நிலத்தை அளந்து பிடுங்கினான். இன்று மறுபடியும் அளக்க வருகிறார்கள். விழித்துக்கொள்!’ என்னுடைய மூன்றாவது தீமையும் கிட்டத்தட்ட இதேதான். நம்பாமல் இருக்க முடியுமா?

கிராம சபை அன்று சர்வேயர் தன் சங்கிலியோடு வந்து உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் பெரும்பாலும் இளவட்டங்கள். நான் மைக்கைப் பிடித்தேன். ஐந்து தீமைகளையும் வரிசை மாறாமல் ஒப்பித்துவிட்டு, சங்கிலியை நோக்கிக் கை நீட்டினேன்.

“ஏனுங்க, இது அளக்கற சங்கிலி இல்லீங்க. நம்மளக் கட்டற அடிமைச் சங்கிலிங்க!”

கைதட்டல் அடங்கவே இல்லை. “திரும்பிப் போ!” என்று ஒரே சத்தம். சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எனக்கு எங்கே சிலை வைக்கலாம் என்று நான் இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது, கையில் கொடுவாளோடு மாமியார் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

“சர்வேயர் எங்க கண்ணு? சங்கிலி இழுக்கத் தோதா மிளகுக் காட்டு ஓரமெல்லாம் முள்ளு வெட்டி வெச்சிட்டு வாரேன்.”

பெரியவர்கள் ஏன் கூட்டத்தில் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. எல்லோரும் அவரவர் எல்லையில் முள் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

விஷயத்தைக் கேட்டதும் மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அவிங்கள வரச் சொல்லி மனுக் கொடுத்ததே நாங்கதான் சாமி. உம் புருசன இடுப்புல தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா நடந்தேன். அளந்தாத்தான பட்டா?”

(இடுப்பில் போன என் புருஷன்தான் அன்று முதலில் கைதட்டியவர்.)

ஓடினேன். கீழே போகும் பஸ்ஸில் தாவி ஏறி, சர்வேயர் பக்கத்திலேயே இடம் பிடித்தேன். “சார், மன்னிச்சுக்குங்க...” என்று ஆரம்பிப்பதற்குள் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்துவிட்டன. ஆறாவது வளைவில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“ஜன்னல் பக்கம் வந்துருங்க அம்மணி,” என்று பதறி எழுந்தார் அவர். “அடிமைச் சங்கிலி இந்தப் பையிலதான் இருக்குது.”

மலை இறங்கி முடிவதற்குள், மன்னிப்பையும் மற்றதையும் தவணை முறையில் வெளியேற்றினேன். மனிதர் சிரித்துவிட்டார். ஊரார் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்தால் திரும்ப வருவதாகச் சொன்னார்.

கையெழுத்துக்காக வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் பழைய மனுவின் நகல் ஒன்றும், அதை விடப் பெரிய கதை ஒன்றும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்று வருடப் படிப்பில் எனக்கு வராத சந்தேகங்கள் எல்லாம் அந்த ஒரு வாரத்தில் வந்தன. சர்வேயர் வந்தார், அளந்தார், பட்டாவும் வந்தது. இப்போது குழுவில் எந்தச் செய்தி வந்தாலும், “இதுக்கு முந்தி என்ன நடந்துச்சு, யாருக்குத் தெரியும்?” என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளே கேட்கிறார்கள். போன கிராம சபையில் என் நோட்டைக் கேட்டு வாங்கி வாசித்தார்கள்.

ஆனால் மாமியாரிடம் மட்டும் எனக்கு விடுதலை இல்லை. போன வாரம் அங்கன்வாடியில் என் மகளைச் சுவரோரம் நிறுத்தி டீச்சர் உயரம் அளக்கப் போனார். மாமியார் பதறிப்போய்த் தடுத்தார்.

“அளக்கறதுக்கு முந்தி இவ அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க டீச்சர்!”