ரிலாக்ஸ்காரர்

உங்களுக்கு ரிலாக்ஸ்காரரைத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அலுவலகத்துக்கு ஒருவர், குடும்பத்துக்கு ஒருவர் என்று பங்கு போட்டு அனுப்பப்பட்ட இனம் அது. நீங்கள் ஓடிவந்து, மூச்சு வாங்க, "அங்கே..." என்று ஆரம்பித்தவுடன், அங்கே என்ன என்று கேட்காமல், உள்ளங்கையைக் கவிழ்த்து, பொங்கி வருகிற எதையோ மூடி போட்டு அமுக்குகிறவர் போலக் காற்றை இரண்டு முறை அமுக்கி, "ரிலாக்ஸ்... ரிலாக்ஸ்..." என்பார் பாருங்கள், அவரேதான்.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள்? இறுக்கம் தளர்வது, மனம் இளைப்பாறுவது. நல்ல பொருள்தான். ஆனால் அகராதியோடு நின்றுவிட்டால் பாதிதான் தெரியும். யார், யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரிடம் சொல்கிறார். காலை மிதித்தவர் மிதிபட்டவரிடம் சொல்கிறார். திருப்பிச் சொல்லித்தான் பாருங்களேன்! ஒருநாள் டிவி ரிமோட்டைக் காணோம் என்று ரிலாக்ஸ்காரர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது, புது மாப்பிள்ளை பாவம், "ரிலாக்ஸ் மாமா" என்றுவிட்டார்.

"யாரைப் பார்த்து ரிலாக்ஸ்ங்கறீங்க மாப்ள?"

மூன்று மாதம் பேச்சு இல்லை. ரிமோட் அவர் வேட்டி மடிப்பிலேயே செருகியிருந்தது.

அதே வீட்டில் சமையலறைக் குழாய் உடைந்து, மனைவி கணுக்கால் தண்ணீரில் நின்று அலறியபோது, ஐயா சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "டென்ஷன் ஆகாதே, ரிலாக்ஸா யோசி" என்றார். காலைத் தூக்கி வைத்தது எதற்கு? நனையாமல் இருக்கத்தான்.

இனி அலுவலகத்துக்கு வாருங்கள். அங்கே அவர் மேலாளர். தபால் பிரிப்பவரை எல்லோரும் தபால் அக்கா என்பார்கள். அவர் தலைக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி. சுற்றும்போது இடுப்பை வளைத்து ஆடும். ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்' என்று ஒரு சத்தம். மேசையைத் தள்ளிப் போட இடமில்லை. மூன்று வாரமாக அக்கா ஒரு கண்ணைத் தபாலிலும் ஒரு கண்ணைக் கூரையிலும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். முதல் முறை போய்ச் சொன்னபோது, "ரிலாக்ஸ்மா." இரண்டாம் முறை, "ஏம்மா எப்பவும் நெகட்டிவாவே யோசிக்கிறீங்க?" மூன்றாம் முறை மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்.

"கண்ணை மூடுங்க. அஞ்சு எண்ணி இழுங்க, அஞ்சு எண்ணி விடுங்க. ஃபேன் விழறதெல்லாம் உங்க மனசுலதாம்மா."

"மனசுல விழுந்தா பரவால்ல சார். தலைல விழுமே!"

"பாத்தீங்களா, மறுபடியும் டென்ஷன்!"

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ரொம்பப் பணிவாக, "எனக்கு வரவே மாட்டேங்குது சார். என் சேர்ல உக்காந்து ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்" என்றார்.

ஆசிரியராகக் கூப்பிட்டால் எந்த ரிலாக்ஸ்காரராவது மாட்டேன் என்பாரா? வந்தார். உட்கார்ந்தார். நிமிர்ந்தார். கண்ணை மூடினார். அலுவலகமே கூடி நின்றது.

"ஒண்ணு..."

டொக்.

"ரெண்டு..."

டொக். இடது கண் திறந்தது.

"மூ..."

மேலிருந்து ஒரு திருகாணி வந்து அவர் சட்டைப் பையில் விழுந்தது. அடுத்த நொடி நாற்காலியில் யாரும் இல்லை. மேசைக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "ஆஃப் பண்ணுங்கய்யா! யாராச்சும் ஆஃப் பண்ணித் தொலைங்க! மனுஷன் உயிரு போனா யாரு பதில் சொல்றது?"

மூன்று வாரம் வராத எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் வந்தார். ஏணியில் ஏறிப் பார்த்து, "ஒரே ஒரு போல்ட்டுதான் பிடிச்சிட்டு இருக்கு. இன்னைக்குத் தாண்டியிருக்காது" என்றார். கழற்றி, மாற்றி, முறுக்கினார். விசிறி சத்தமே இல்லாமல் சுற்றியது. அக்கா தன் நாற்காலியில் அமர்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார். ஐந்து எண்ணவில்லை.

"இப்பதான் சார் ரிலாக்ஸா இருக்கு."

சொல்லுக்கு அன்றுதான் சரியான பொருள் கிடைத்தது. மனம் இளைப்பாறியது உபதேசத்தால் அல்ல, ஸ்பேனரால். மேலாளரோ மறுநாள் எல்லோரிடமும், "நான் மட்டும் கவனிக்காம விட்டிருந்தா அந்தம்மா கதி என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்களிடமும் ஒருவர் பதறிக்கொண்டு வந்து எதையோ கை நீட்டிக் காட்டினார் அல்லவா? அவர் ஏன் கத்துகிறார் என்று அலுத்துக்கொண்டது நினைவிருக்கும். அவர் விரல் காட்டிய பக்கம் என்ன இருந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்.