இரண்டு விரல் கறுத்த தெரு

ஊருக்கு நல்லது செய்யப் புறப்படுகிறவளுக்கு விஷயம் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றுமே தெரியாமல் இருக்க வேண்டும். எனக்கு எப்போதும் முக்கால்வாசி தெரியும். அந்த முக்கால்வாசியை வைத்துக்கொண்டு ஒரே மத்தியானத்தில் பத்துப் பெண்களின் விரலைப் புண்ணாக்கியவள் நான். என்னுடையதையும் சேர்த்தால் பதினொன்று.

எழுபதுகள் தொடங்கிய சமயம். கிழக்குத் தாம்பரத்தில் ரயில்வே தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. மாதா கோயில் கன்னியாஸ்திரிகள் நடத்திய வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தேன். பஸ் போர்டு படிப்பேன். (பஸ் கொஞ்ச நேரம் நின்றால்.) தெருவில் மற்றப் பெண்களுக்கு அதுவும் இல்லாததால் நான்தான் படித்தவள். அந்த மமதை கொஞ்சம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

எங்கள் தெருவில் கனகா இருந்தாள். எங்கள் எல்லோருக்கும் ரவிக்கை தைப்பவள். ஆணாய்ப் பிறந்து, பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்து, பெண்ணாய் வாழ்கிறவள். திருநங்கை என்ற மரியாதையான சொல் அப்போது கிடையாது. அப்போது இருந்த சொல்லை நான் எழுதப் போவதில்லை.

கனகாவுக்கு ஓட்டு இல்லை. ஓட்டர் லிஸ்ட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் இரண்டு தடவையும் அவள் வாசலில் நின்று யோசித்துவிட்டு, ஆண் என்றும் எழுதாமல் பெண் என்றும் எழுதாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது தடவை நாங்கள் விடவில்லை. எதிர் வீட்டுப் பாத்திமாக்காவும் நானும் கனகாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்தோம். கடைசியில் குமாஸ்தாவுக்கு எங்கள் முகத்தைப் பார்க்கவே அலுத்துவிட்டது. லிஸ்ட் வந்தபோது எழுத்துக் கூட்டிப் படித்தேன்: கனகா, பெண்.

கனகா அன்று இரண்டு ரவிக்கையைத் தப்பாக வெட்டினாள்.

ஆனாலும் அவளுக்குப் பயம். "லிஸ்ட்ல இருந்தா போதுமாக்கா? பொம்பள வரிசையில நின்னா எவனாவது வந்து கையைப் புடிச்சி வெளிய இழுப்பான். ஒரு தபா இழுத்துட்டா, அடுத்த லிஸ்ட்ல பேரையே அடிச்சிடுவாங்க."

அவள் சொன்னது நியாயம். நான் ஒரு திட்டம் போட்டேன். பதினொரு பெண்கள் ஒன்றாகப் போவது. கனகாவுக்கு முன்னால் ஆறு பேர், பின்னால் ஐந்து பேர். எவன் இழுக்க வந்தாலும் எங்களைத் தாண்டித்தான் வரவேண்டும்.

அதற்குப் பெண்கள் ஓட்டுப் போட வரவேண்டுமே. அதுவரை பாதிப் பேர் போனதில்லை. போனவர்களும் புருஷன் சொன்ன சின்னத்தில் குத்திவிட்டு வந்தவர்கள். ஆகவே ஓட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் வீட்டில் ஒத்திகை வைத்தேன். வனஸ்பதி டின்தான் ஓட்டுப் பெட்டி. காலண்டர் தாளில் குடை, கத்தரிக்காய், சட்டி என்று சின்னம் வரைந்தேன். (மூன்றும் ஒரே மாதிரி இருந்தன.) வெண்டைக்காயை நறுக்கி முத்திரை. "போன தடவை தெருக்குழாய் போடறேன்னவரு யாரு? போட்டாரா? அதை நெனச்சிகினு குத்துங்க, வூட்டுக்காரர் மூஞ்சியை நெனச்சிகினு குத்தாதீங்க" என்று பிரசங்கமும் செய்தேன். மை அடுத்த சின்னத்தில் ஒட்டாமல் சீட்டை எப்படி மடிப்பது என்பதையும் காட்டினேன்.

எல்லாம் சரியாகத்தான் போனது. விரலில் வைக்கிற மை என்றதும் எல்லோரும் பின்வாங்கினார்கள்.

"மை வச்ச பொம்பளைங்களை எல்லாம் கணக்கு எடுத்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு இட்டுகினு பூடுவாங்களாமே?" என்றாள் ஒருத்தி.

"விரலே வெந்து பூடுமாம்" என்றாள் இன்னொருத்தி.

மை வைத்துக் காட்டிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். பேனா மை துடைத்தால் போனது. அது போதாது என்று பட்டது. சலவைக்காரம்மாவிடம் துண்டுக்குக் குறி போட என்று பொய் சொல்லிச் சேங்கொட்டை வாங்கி வந்தேன். வெளுக்கிற துணி மாறிப்போகாமல் இருக்க அடையாளம் போடுவார்களே, அந்தக் கொட்டை. ஊசியால் குத்தினால் கறுப்பாகச் சாறு வரும். வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. "தோலுல படாம பாத்துக்க" என்று அவள் சொல்லித்தான் கொடுத்தாள். துணிக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் என் இடது ஆள்காட்டி விரலில் வைத்துக் காட்டினேன். பிறகு வரிசையாகப் பத்துப் பேருக்கும். கனகா மட்டும் கையை இழுத்துக்கொண்டாள். "வெள்ளைத் துணி கையில கீதுக்கா, ஒட்டிக்கும்."

"பார்த்தீங்களா, ஒண்ணும் ஆவலை!" என்றேன்.

ஒத்திகை நடந்தது ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாள் கழித்து, ஓட்டுப் போடுகிற அன்று விடிந்ததும் பாத்திமாக்கா கதவைத் தட்டினார். அவர் விரல் சின்னக் கத்தரிக்காய் அளவு வீங்கி, மேலே கொப்புளம்.

"ஏண்டி ரோசம்மா, ஒண்ணும் ஆவாதுன்னே?"

என் விரலும் அப்படித்தான். எண்ணெய் தடவச் சொன்னேன். எனக்கு வேறு வைத்தியம் தெரியாது. ஒருத்தியும் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பாத்திமாக்காதான் தெருவில் நின்று சத்தம் போட்டார்: "கனகாவுக்கு வாக்குக் குடுத்திருக்கோம். விரலு போனா போவுது, கெளம்புங்கடி!" கிளம்பினார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டுச் சாவடி. திட்டப்படி நான் முதல் ஆள். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி.

"கையைக் காட்டும்மா."

நீட்டினேன். அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஓட்டுப் போட்டாச்சே. மறுபடியும் எதுக்கு வந்தே?"

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த மை எதற்காக வைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் சந்தனம் பூசுவது மாதிரி, வந்து போனவர்களுக்கு அரசாங்கம் செய்கிற மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். எல்லாம் சொல்லிக்கொடுத்த எனக்கு மீதிக் கால்வாசி தெரியாமல் போனது அங்கேதான்.

"இல்லீங்க, இது நானா வச்சது."

"நீயா வச்சியா? அடுத்தது யாரு?"

பாத்திமாக்கா நீட்டினார். கறுப்பு. அடுத்தவள், கறுப்பு. அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "கான்ஸ்டபிள்! ஒரு கும்பலே கள்ள ஓட்டுக்கு வந்திருக்கு!"

முன்னால் ஆறு பேர், பின்னால் ஐந்து பேர், எல்லோரையும் சுவரோரமாக ஓரங்கட்டினார்கள். நான் கட்டின கோட்டை மொத்தமும் அரை நிமிஷத்தில் காலி. நடுவில் கனகா மட்டும், சுற்றிலும் யாரும் இல்லாமல், தனியாக நின்றாள்.

ஆண்கள் வரிசையிலிருந்து உடனே ஒரு குரல்: "சார், அது இந்தப் பக்கம் வரவேண்டிய ஆளு!" சிரிப்பு. கான்ஸ்டபிள் அவளை நோக்கி வந்தார். நான் வாயைத் திறந்தேன். "நீ பேசாதே" என்றார். கள்ள ஓட்டுக்காரி சாட்சி சொல்ல முடியுமா?

கனகா நகரவில்லை. "லிஸ்ட்டைப் பாருங்க சார்" என்றாள்.

அதிகாரி விரலால் தேடினார். "கனகா. பெண்." "கையைக் காட்டு." காட்டினாள். "இன்னிக்கு இந்தத் தெருவுல சுத்தமான விரல் இது ஒண்ணுதான்" என்று மை வைத்து, சீட்டைக் கொடுத்தார். ஆண்கள் வரிசையைப் பார்த்து, "லிஸ்ட்ல பெண்ணுன்னு இருக்கு. வேற யாருக்காவது சந்தேகமா?" என்றார்.

அவள் நேரே போய்க் குத்திவிட்டு வந்திருக்கலாம். இத்தனை வருஷம் காத்திருந்த சீட்டு. கையில் அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"சார், அவங்க வச்சிகினது சேங்கொட்டை சார். துணிக்கு வைக்கிற மை."

"போய் ஓட்டைப் போடும்மா. நின்னா சீட்டை வாங்கிடுவேன்."

வாங்கியே விடுவார் என்று பட்டது. போய்த் தொலையேன் என்று கையைக் கையை ஆட்டினேன். கனகா சீட்டை மேஜை மேல் வைத்தாள்.

"வாங்கிக்குங்க சார். ஆனா உங்க சட்டைக் காலரைத் திருப்பிப் பாருங்க. நான் தையக்காரி, எந்தச் சட்டையைப் பாத்தாலும் முதல்ல காலர்தான் தெரியும். நீங்க குனிஞ்சப்ப பாத்தேன், உள்ள கறுப்பா ரெண்டு கோடு, ஒரு புள்ளி, வெளுக்கிறவங்க போட்ட குறி இருக்கு. அதே மை. உங்க சட்டையும் ஓட்டுப் போட்டுட்டு வந்துச்சா சார்?"

அதிகாரி காலரைத் திருப்பினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்து, "இருக்கு சார்" என்றார். முதலில் சிரித்தது கான்ஸ்டபிள்தான்.

லிஸ்டைப் பார்த்தார்கள். எங்கள் பதினொரு பேரில் ஒருவர் பெயரிலும் ஓட்டுப் போட்டதற்கான குறி இல்லை. "புண்ணு மேல எப்படிம்மா வைக்கிறது?" என்று திட்டிக்கொண்டே எல்லோருக்கும் பக்கத்து விரலில் மை வைத்தார். கனகா தன் சீட்டை மறுபடி வாங்கிக்கொண்டு போய், எல்லோருக்கும் முன்னால் ஓட்டுப் போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள், மடித்தது உள்பட எல்லாம் சரியாக. சொல்லிக்கொடுத்த என் முத்திரை மட்டும் இரண்டு சின்னத்துக்கு நடுவில் விழுந்து, செல்லாத ஓட்டாகிவிட்டது.

மறுநாளே பக்கத்துத் தெருவில் புரளி: அந்தத் தெருப் பொம்பளைங்களுக்கு மட்டும் ஆளுக்கு ரெண்டு ஓட்டாம், கவுர்மென்ட்டே குடுத்துச்சாம். ரெண்டு விரல் கறுத்திருந்ததே, வேறு சாட்சி எதற்கு? மாடம்பாக்கத்திலிருந்து வந்து ஒருத்தர் எப்படி வாங்கினீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த எலெக்‌ஷனுக்கு ஒத்திகை நடத்தியது கனகா. என்னைக் கடைசியில் உட்கார வைத்தாள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால், மத்தியானம் பிரியாணியா சாம்பாரா என்றால்கூட, கையைத் தூக்கச் சொல்லி என் மருமகள் எண்ணுவாள். "அத்தைக்கு ரெண்டு" என்பாள். பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். நான் மறுப்பதில்லை. போன ஈஸ்டருக்குக் கனகா சாப்பிட வந்திருந்தாள். அவளை மட்டும் ஒன்று என்று எண்ணினார்கள்.

"எனக்கு ஒண்ணு போதும்" என்றாள். "உங்க மாமியாரோட ரெண்டுல ஒண்ணும் செல்லலை. என்னுது செல்லுச்சு."