இரண்டெழுத்தில் வென்ற பெயர்

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு மாலை

பேரன்புக்குரிய மச்சான் சண்முகம் அவர்களுக்கு, தயாளன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் என் இடது முழங்காலும் ஒருவாறு சௌக்கியம். ஈப்போவில் தாங்களும் அக்காவும் அதைவிடச் சௌக்கியமாக இருக்கத் தண்ணீர்மலை முருகன் துணையிருப்பான்.

முதலில் வெற்றிச் செய்தி. உங்கள் தங்கையின் பெயரை நான் மீட்டுவிட்டேன்! பேத்திக்குக் கோகிலா என்றுதான் பெயர். போன வருடம் அவள் கண்ணை மூடியதிலிருந்து இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கூப்பிடாத பெயர் அது.

நடந்ததைக் கேளுங்கள். மகள் ஸ்ரீநிதிக்குக் குழந்தை பிறந்த மறுநாளே நான் கோகிலா என்றேன். புக்கிட் தெங்காவில் இருக்கிறாரே நம் சம்பந்தி கார்த்திகேசு, முப்பது வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர், அவர் குறுக்கே விழுந்து, “எங்கம்மா முத்தம்மை பேருதான் வைக்கணும்” என்று நின்றார். பேச்சு தடித்தது. கடைசியில், “சரி லா, ஸ்கிராபிள் ஆடுவோம். ஜெயிக்கிறவரு சொல்ற பேரு” என்றார். தொழிற்சாலை ஸ்டோரில் பெட்டி அடுக்கியே ரிட்டயர் ஆன நான், இங்கிலீஷ் எழுத்துச் சில்லுகளைப் பலகையில் கோத்துச் சொல் கட்டும் அந்த ஆட்டத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இருந்தும் வீம்புக்குச் சரி என்றுவிட்டேன். ஆறு ஞாயிறு பழகிவிட்டு, ஏழாவது ஞாயிறு நிஜ ஆட்டம் என்று முடிவாயிற்று.

நீளச் சொல்லுக்கு நான் எங்கே போவது? கைப்பேசியில் தேடி, புள்ளி அதிகம் தரும் கியூவும் ஸெட்டும் உள்ள குட்டிச் சொற்களாகப் பார்த்து நாற்பதை எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன். முதல் ஞாயிறே ஸெட்-ஓ என்று இரண்டு சில்லை வைத்தேன். “அர்த்தம் என்ன?” என்றார் சம்பந்தி. பட்டியலில் அர்த்தம் எழுதவில்லையே என்றேன். உடனே சட்டம் போட்டுவிட்டார்: வைக்கிற சொல்லுக்குத் தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் சில்லைத் திரும்ப எடுக்க வேண்டும். வாத்தியார் புத்தி எங்கே போகும்!

அதன்பின் அர்த்தம் தேடி நான் பட்ட பாடு கொஞ்சமல்ல மச்சான். ஸெட்-ஓ என்றால் திபெத்து எருமைக்கும் பசுவுக்கும் பிறந்த மாடாம். ஏ-ஐ என்றால் மரத்தில் தொங்கிக்கொண்டே காலம் தள்ளும் ஒரு சோம்பேறிப் பிராணி. இதை முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸில் போய், சுங்கை பினாங்கில் இறங்க வேண்டியவன் கொம்தாரில் இறங்கினேன். எஸ்-யு-கியூவுக்குக் கீழ்வீட்டுச் சாப்பாட்டுக் கடை கமாலுதீன்தான் கைகொடுத்தார். “அது சந்தை லா அண்ணே, நம்ம பசார் மாதிரி. ஹஜ்ஜுக்குப் போனப்ப அங்கதான பேரீச்சம்பழம் வாங்கினேன்!” கியூ-ஐ என்று எழுதிக்கொண்டு சீன மருந்துக் கடைக்குப் போனால், கடைக்காரப் பெரியவர் நான் நோயைத்தான் எழுதிக் காட்டுகிறேன் என்று நினைத்து, சட்டென்று என் நாடியைப் பிடித்துவிட்டார். அது உடம்புக்குள் ஓடும் உயிர்ச்சக்தி என்றும், எனக்கு அது அடிமட்டத்தில் இருக்கிறது என்றும் மலாயில் விளக்கி, நாலு பொட்டலம் கசப்பு இலையைக் கட்டிக் கொடுத்தார். மூன்றைக் குடித்தேன். அர்த்தம் இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

இன்று கமாலுதீன் கடையில் நிஜ ஆட்டம். சம்பந்தி ஒரே மூச்சில் ஏழு சில்லையும் வைத்து என்னைக் கவிழ்த்தார். முடியும் தறுவாயில் நான் ஐம்பத்தெட்டுப் புள்ளி பின்தங்கி, கையில் கியூவும் ஐயும் மட்டும். முத்தம்மை ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் பலகையில் ஓர் ஐயும், அதன் பக்கத்தில் எழுத்துக்கு மூன்று மடங்கு தரும் காலிக் கட்டமும் கண்ணில் பட்டன. கியூவை அங்கே வைத்து, என் ஐயை அதன் கீழே வைத்தேன். குறுக்கேயும் அதே சொல், நெடுக்கேயும் அதே சொல். பத்துப் புள்ளிக் கியூ மும்மடங்காகி இரண்டு பக்கமும் முப்பத்தொன்று, ஆக அறுபத்திரண்டு! “அர்த்தம்?” என்றார் சம்பந்தி. “உயிர்ச்சக்தி” என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து நாலாவது பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். கமாலுதீன் தட்டைத் தட்டினார், ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். பெயர் சூட்டும் விழாவுக்குத் தாங்கள் ஸ்ரீநிதியின் தாய்மாமனுக்குரிய மிடுக்கோடு வர வேண்டும்.

இப்படிக்கு,
வெற்றி வீரன் தயாளன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஸ்ரீநிதி குழந்தையோடு வந்தாள். பால்புட்டி எடுக்கும்போது அவள் பையிலிருந்து பிறப்புப் பத்திரம் கீழே விழுந்தது. பெயர்: கோகிலா. பதிந்த தேதி, குழந்தை பிறந்த பத்தாம் நாள். பதிவு அலுவலகத்துக்குக் காரோட்டிப் போனதே சம்பந்திதானாம்! “அம்மா போனதுலேருந்து நீங்க யார்கூடயும் பேசாம டிவி முன்னாலயே உட்கார்ந்திருந்தீங்க பா. எங்க மாமனாருதான், ‘உங்கப்பாவுக்கு இப்ப ஒரு சண்டை வேணும் மா’ன்னு சொன்னாரு” என்கிறாள். உடனே அவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். “சம்பந்தி, எங்கம்மா பேரு முத்தம்மையே இல்ல. ஆனா நான் தோத்தது மட்டும் நிஜம் லா, ராத்திரி சோறு இறங்காது போல” என்றார் மனிதர். ஆகவே மச்சான், மேலே பெயரை நான் மீட்டேன் என்று எழுதிய வரியை அடித்துவிடுங்கள். அறுபத்திரண்டை அடிக்காதீர்கள்.